ஜப்பானிய மேப்பிள்: நடவு முதல் பதியம் வரை

ஆசையாக வாங்கி வைத்த ஜப்பானிய மேப்பிள் மூன்றாம் வருடம் துளிர்க்காமல் போனால், பழி பெரும்பாலும் பனியின் மேலோ பூச்சியின் மேலோ விழும். அடியில் தோண்டிப் பார்த்தால் வேறு காரணம் தெரியும். அரைச் சாண் ஆழத்தில் புதைந்த அடித்தண்டு, தொட்டியின் வடிவத்திலேயே சுற்றிக்கொண்டு நின்றுவிட்ட வேர், களிமண் குழியில் வடியாமல் தேங்கிய தண்ணீர். இந்த மரத்தின் தொல்லைகளில் பெரும்பகுதி நட்ட அன்றே வேரில் தொடங்கிவிடுகிறது. இலையில் அது தெரிவதற்கு ஒன்றிரண்டு கோடை ஆகும், அவ்வளவுதான்.

இதன் தாவரவியல் பெயர் ஏசர் பால்மேட்டம். ஸ்வீடன் நாட்டு அறிஞர் கார்ல் பீட்டர் துன்பெர்க் 1784-இல் சூட்டிய பெயர். ஜப்பான், கொரியா மலைக்காடுகளில் உயர்ந்த மரங்களுக்கு அடியில், இலைமக்கு படிந்த சரிவுகளில் வளர்வது. இந்தப் பிறப்பிடத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் பராமரிப்பில் பாதி தானாகப் புரியும். மேலே நிழல் இருப்பதால் உச்சிவெயில் நேராக விழாது. சரிவு என்பதால் தண்ணீர் நிற்காது. ஜப்பானில் ஜூன், ஜூலை மழைக்காலம். இலை விரிந்து தண்ணீர் அதிகம் கேட்கும் நேரத்தில் மண் காய்வதில்லை. வேரும் ஆழம் போகாமல் மேல்மண்ணில் பாய் விரித்தாற்போலப் படர்ந்திருக்கும். ஆகவே ஈரம் எப்போதும் வேண்டும், ஆனால் தேங்கக் கூடாது. கீழே வருவதெல்லாம் இதைச் சுற்றித்தான்.

குளிர்காலத்தில் இலையுதிர்த்துப் பல வாரங்கள் உறங்கினால்தான் இது பிழைக்கும். சென்னையிலோ மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ வைத்துப் பார்க்க வேண்டாம். அந்தச் சூட்டில் உறக்கம் கிடைக்காமல் நலிந்துபோகும். கனடா, பிரிட்டன், ஐரோப்பா, அமெரிக்காவின் குளிர்ப்பகுதிகள் ஆகிய இடங்களில் வீடும் தோட்டமும் உள்ளவர்களுக்கான குறிப்புகள் இவை.

எந்த ரகம்?

பெயர்ச்சீட்டில் 'மண்டலம் 5' என்று இருந்தால், குளிர்காலத்தில் மைனஸ் 23 முதல் மைனஸ் 29 டிகிரி செல்சியஸ் வரை இறங்கும் இடத்தில் கிளை தாங்கும் என்று பொருள். சீட்டில் இருப்பது பெரும்பாலும் அமெரிக்க மண்டல எண். கனடா தன் ஊர்களுக்குத் தரும் எண் வேறு கணக்கு. இரண்டையும் ஒன்றாக எண்ணி ஏமாற வேண்டாம். டொராண்டோ, மார்க்கம், மிசிசாகா பக்கம் பெரும்பாலான ரகங்கள் தாங்கும். ஒட்டாவா, மொன்றியல் போன்ற கடுங்குளிர் ஊர்களில் இதன் நெருங்கிய உறவான கொரிய மேப்பிளை வைப்பதே புத்திசாலித்தனம். இலையும் இலையுதிர்கால நிறமும் ஏறக்குறைய இதேபோல இருக்கும், குளிரை இன்னும் ஒரு படி கூடுதலாகத் தாங்கும்.

நிமிர்ந்து வளரும் சிவப்பிலை மரம் வேண்டுமானால் பிளட்குட் நம்பகமானது. காலப்போக்கில் 4.5 முதல் 6 மீட்டர் உயரம் வரும், ஏறத்தாழ அதே அகலமும் எடுக்கும். வசந்தத்தில் பிந்திப் பனி விழும் ஊர் என்றால் எம்பரர் ஒன் அதைவிட நல்லது. சில நாட்கள் தாமதமாகத் துளிர்ப்பதால் இளந்துளிர் பனியில் கருகும் ஆபத்து குறைவு. தரையை நோக்கித் தொங்கும் சல்லடை இலை ரகங்களில் தமுகேயாமா, கிரிம்சன் குயீன், இனாபா ஷிடாரே மூன்றும் சிவப்பு, விரிடிஸ் பச்சை. இவை உயரத்தைவிட அகலம் கூடுதலாக எடுக்கும். நடைபாதை ஓரத்தில் வைத்துவிட்டுப் பிறகு வெட்டிக்கொண்டே இருக்க நேரும். சாங்கோ-காக்குவின் அழகு குளிர்காலத்தில், பவழ நிறப் பட்டையில். ஆனால் ஈரமும் குளிருமான வசந்தத்தில் அதன் சிறுகிளைகள் மற்ற ரகங்களைவிட எளிதாகக் கருகும்.

எல்லாரும் சிவப்பிலையையே கேட்கிறார்கள். ஒரே ஒரு மரத்துக்குத்தான் இடம் இருக்கிறது என்றால் எங்கள் தேர்வு ஒசகாசுக்கி. கோடை முழுவதும் பச்சையாக நின்று, அக்டோபரில் குங்குமச் சிவப்பாக மாறும். அந்த மாற்றத்தைப் பார்க்கத்தான் ஜப்பானில் ஆண்டுதோறும் மக்கள் மலைகளுக்கும் கோயில்களுக்கும் போகிறார்கள். கியோட்டோவின் தோபுகு-ஜி கோயிலில் மேப்பிள்கள் நிறைந்த பள்ளத்தின் மேல் போகும் மரப்பாலத்தில் நவம்பரில் நிற்க இடம் கிடைக்காது. இங்கிலாந்தில் இருப்பவர்கள் குளோஸ்டர்ஷயரின் வெஸ்டன்பர்ட் மரத்தோட்டத்துக்கு இலையுதிர்காலத்தில் ஒருமுறை போய், பல ரகங்களைப் பெரிய மரமாகவே பார்த்துவிட்டு முடிவெடுக்கலாம்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

பெயருள்ள ரகம் எல்லாமே அநேகமாக ஒட்டுக்கன்றுதான். மண்ணிலிருந்து சில அங்குலம் மேலே, தண்டு சற்றுப் புடைத்தோ கோணியோ இருக்கும் இடமே ஒட்டு. கீழ்ப்பகுதி சாதாரண விதைக்கன்று, மேல்பகுதி நீங்கள் பணம் கொடுக்கும் ரகம். அந்த மூட்டில் வெடிப்போ நகம் நுழையும் இடைவெளியோ இருந்தால் கன்றைத் திருப்பி வைத்துவிடுங்கள். ஒட்டுக்குக் கீழிருந்து பச்சைத் துளிர் கிளம்பினால் அது வேர்ச்செடியின் துளிர். விட்டுவைத்தால் சில வருடங்களில் ரகத்தையே அமுக்கிவிடும். பார்த்தவுடன் அடியோடு கிள்ளிவிட வேண்டும்.

தொட்டியிலிருந்து கன்றை மெல்ல உருவிக் காட்டச் சொல்லுங்கள். வெளிர்நிறத்தில் நுனி தெரியும் வேர் நல்லது. கறுத்து, விரலால் தேய்த்தால் தோல் கழன்று வரும் வேர் அழுகியது. தொட்டிச் சுவரை ஒட்டி விரல் தடிமனில் வளையம் போட்டிருக்கும் வேர் இருந்தால், தள்ளுபடி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.

இடம்

காலை வெயில் 4 முதல் 6 மணி நேரம், மதியம் ஒன்று இரண்டு மணிக்குமேல் நிழல். வீட்டின் கிழக்குப் பக்கம் பெரும்பாலும் இதற்குப் பொருந்தும். லண்டன் போன்ற மிதமான வெயிலில் சிவப்பு ரகங்கள் நாள் முழுவதும் வெயில் இருந்தாலும் சமாளிக்கும். மஞ்சள் இலை, வெள்ளை கலந்த இலை ரகங்களுக்கு எந்த ஊரிலும் பிற்பகல் நிழல் கட்டாயம். ஒரேயடியாக நிழலில் வைத்தால் சிவப்பிலை மங்கிப் பச்சையாகிவிடும்.

மேற்கைப் பார்த்த செங்கல் சுவர், கார் நிறுத்தும் தார்த்தரை இரண்டும் வெப்பத்தை வாங்கித் திருப்பி அடிக்கும். குளிர்காலத்தில் கார்ப்பாதைக்குத் தூவும் உப்பு பனியோடு கரைந்து வேருக்கு வரும். பாதையிலிருந்து 2 மீட்டராவது தள்ளுங்கள். கூரையிலிருந்து பனிப்பாளம் சரிந்து விழும் இடத்தில் வைத்தால் ஒரே இரவில் கிளை பிளந்துவிடும்.

நம் வீடுகளில் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. பின்முற்றத்தில் தக்காளி, கத்தரி, மிளகாய், உருளை போட்ட பாத்தியில் இந்த மரத்தை நடக் கூடாது. வெர்டிசிலியம் என்னும் வாடல் பூஞ்சை இந்தக் குடும்பப் பயிர்களில் தங்கி, பயிர் போன பிறகும் பல ஆண்டுகள் மண்ணில் உயிரோடு இருக்கும். மேப்பிள் அதற்கு மிக எளிதான இரை. வந்தால் மருந்து கிடையாது.

வடிகால் சோதனை நடுவதற்கு முந்தைய வாரமே முடிந்திருக்க வேண்டும். 30 செ.மீ. ஆழத்துக்குக் குழி எடுத்து, தண்ணீர் நிரப்பி வடிய விடுங்கள். இரண்டாம் முறை நிரப்பி, மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று ஒரு குச்சியில் குறித்துப் பாருங்கள். மணிக்கு 2.5 செ.மீ. அல்லது அதற்கு மேல் இறங்கினால் சரி. மறுநாள் காலையிலும் தண்ணீர் நின்றால் அங்கே குழி நடவு வேண்டாம், மேட்டு நடவுதான். மண்ணின் பிஎச் (அமில, கார அளவு) 5.5 முதல் 6.5 வரை இருப்பது நல்லது. சுண்ணாம்பு மண்ணில் இலை மஞ்சளித்து நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். அந்த இடத்தில் தொட்டியே மேல்.

நடவு

கடுங்குளிர் ஊர்களில் ஏப்ரல் கடைசி, மே மாதம். பிரிட்டன் போன்ற இடங்களில் அக்டோபர், நவம்பர். முதலில் தொட்டியோடு கன்றை ஒரு வாளித் தண்ணீரில் குமிழி நிற்கும்வரை அமுக்கி வையுங்கள்.

குழி வேர்மண்ணைப்போல (வேரும் அதைப் பற்றிய மண்ணும் சேர்ந்த கட்டி) 2 முதல் 3 மடங்கு அகலம் இருக்கட்டும். ஆழம் வேர்மண் உயரத்தைத் தாண்டக் கூடாது. அடியில் கிளறிய மண் இருந்தால் பிறகு அமுங்கி மரம் கீழே இறங்கிவிடும், ஆகவே அடிமண்ணைத் தொடாமல் விடுங்கள்.

அடுத்துத்தான் பலரும் தாண்டிப்போகும் வேலை. தண்டு அகன்று முதல் வேர்கள் பிரியும் இடத்தை வேர்க்கழுத்து என்போம். நாற்றுப்பண்ணைத் தொட்டியில் அது அடிக்கடி பல செ.மீ. மண்ணுக்குள் மறைந்திருக்கும். விரலால் மேல்மண்ணைச் சுரண்டிச் சுரண்டி அதைக் கண்டுபிடியுங்கள். நட்ட பிறகு வேர்க்கழுத்து தரைமட்டத்துக்கு 2 முதல் 5 செ.மீ. மேலே வெளியே தெரிய வேண்டும். அது மண்ணுக்குள் போனால் பட்டை எந்நேரமும் ஈரத்தில் ஊறி அழுகும், மேலே கிளம்பும் வேர்கள் தண்டைச் சுற்றி இறுக்கும். இப்படிக் கழுத்து நெரிபட்டு மரம் சாக ஐந்து பத்து வருடம் ஆகலாம் என்பதால் காரணம் யாருக்கும் தோன்றாது.

சுற்றி ஓடும் வேர்களைக் கையால் பிரித்து வெளிப்பக்கம் நீட்டுங்கள். பிரியாத தடித்த வேரைக் கூர்மையான கத்தரியால் வெட்டிவிடலாம். தோண்டிய அதே மண்ணால் நிரப்புங்கள். கம்போஸ்ட் கலக்க விரும்பினால் நாலில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். களிமண் நடுவே ஒரு குழியை மட்டும் செழிப்பான மண்ணால் நிரப்பினால், சுற்றியுள்ள தண்ணீரெல்லாம் அங்கே வந்து தேங்கும். அடியில் ஜல்லி போடுவதும் வடிகாலுக்கு உதவாது, ஈரம் நிற்கும் மட்டத்தை வேருக்கு இன்னும் அருகே கொண்டுவரும். குழியில் உரம் வேண்டாம்.

களிமண்ணில் மேட்டு நடவு: வேர்மண்ணில் மூன்றில் ஒரு பங்கு தரைக்கு மேலே நிற்கும்படி வைத்து, சுற்றிலும் ஒரு மீட்டருக்காவது மண்ணைச் சரிவாக அணையுங்கள்.

கடைசியில் 15 முதல் 20 லிட்டர் தண்ணீர் மெதுவாக. அதன்மேல் மரப்பட்டைத் துண்டு அல்லது இலைமக்கு மூடாக்கு 5 முதல் 8 செ.மீ., தண்டைச் சுற்றி ஒரு கையகலம் வெறுமையாக. தண்டின் மேல் மூடாக்கைக் கூம்பாகக் குவிப்பதைத் தோட்ட வேலை நிறுவனங்களே செய்கின்றன. குவித்திருந்தால் கையோடு தள்ளிவிடுங்கள்.

தண்ணீரும் இலைக் கருகலும்

முதல் இரண்டு கோடையும் கவனம் தேவை. விரலை 5 செ.மீ. விட்டுப் பாருங்கள். அங்கே காயத் தொடங்கினால் 10 முதல் 15 லிட்டர், வேர்ப்பரப்பு முழுவதும் நனையும்படி. வெயில் நாட்களில் வாரம் இருமுறை தேவைப்படும். தினமும் புல்தரைக் குழாய் தூவும் தண்ணீர் மேலே ஒரு செ.மீ. மட்டும் நனைத்துவிட்டுப் போகும், அது போதாது. செப்டம்பரில் தண்ணீரை நிறுத்திவிடாமல் மண் உறையும்வரை தொடருங்கள். வறண்ட வேரோடு குளிர்காலத்துக்குள் போகும் மரத்தில் கிளை நுனிகள் காய்ந்துவிடும்.

ஜூலை, ஆகஸ்டில் வரும் புகார்களில் முதலிடம் இலை நுனிக் கருகலுக்கு. மரம் முழுவதும் ஓரங்கள் மட்டும் பழுப்பாகி, நடுப்பகுதி நன்றாக இருந்தால் அது நோயாக இருக்காது. வேர் அனுப்பும் தண்ணீரைவிட இலை இழப்பது அதிகம் என்பதே காரணம்: காய்ந்த மண், வெப்பக் காற்று, உப்பு, அல்லது தேங்கிய தண்ணீரால் அழுகிய வேர். கடைசிக் காரணத்தை மறக்க வேண்டாம். இலை வாடுகிறதே என்று ஈர மண்ணில் மேலும் ஊற்றினால் மரம் சீக்கிரம் போகும். விரல் சோதனை செய்யாமல் குழாயைத் திறக்காதீர்கள். கருகிய இலை திரும்பப் பச்சையாகாது. அடுத்த வசந்தத்து இலையில்தான் உங்கள் திருத்தம் தெரியும்.

ஒரு பக்கக் கிளை மட்டும் திடீரென வாடி, இலை உதிராமல் தொங்கினால் நிலைமை வேறு. அந்தக் கிளையைக் குறுக்கே வெட்டி முகத்தைப் பாருங்கள். வெளிறிய மரத்தினுள்ளே கரும்பச்சை அல்லது பழுப்புப் புள்ளிகள் வளையமாகவோ கோடாகவோ தெரிந்தால் வெர்டிசிலியம் என்று சந்தேகிக்கலாம். வாடிய கிளையை எடுத்துவிட்டு, ஒவ்வொரு வெட்டுக்கும் பிறகு கத்தரியை ஸ்பிரிட்டில் துடையுங்கள். சீரான தண்ணீர் கொடுத்தால் சில மரங்கள் பல ஆண்டு தாக்குப்பிடிக்கும். போய்விட்டால் அதே இடத்தில் இன்னொரு மேப்பிள் வேண்டாம்.

வசந்தத்தில் சிறுகிளை நுனி கரியாகக் கறுத்தால் அது பனிக்காயத்தின் வழியே நுழையும் சூடோமோனாஸ் பாக்டீரியா. கறுத்த இடத்துக்கு ஒரு கணு கீழே, மழையில்லாத நாளில் வெட்டுங்கள். அசுவினி வந்தால் தண்ணீரை விசையாகப் பீய்ச்சினாலே போதும்.

உரம் குறைவாக. முதல் வருடம் எதுவும் வேண்டாம். அதன்பின் ஏப்ரலில், மெதுவாகக் கரையும் உரத்தைப் பொட்டலத்தில் சொன்ன அளவில் பாதி. ஜூன் கடந்தால் கொடுக்காதீர்கள். தழைச்சத்து மிஞ்சினால் நீண்ட இளங்கிளைகள் கிளம்பி, முற்றாமலே குளிரில் மாட்டிக்கொள்ளும். இலையுதிர்கால நிறமும் மங்கும். பக்கத்துப் புல்தரைக்குப் போடும் உரம் இங்கே சிதறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

கவாத்து

மார்ச், ஏப்ரலில் வெட்டினால் காயத்திலிருந்து நீர் சொட்டிக்கொண்டே இருக்கும். பெரிய கிளைகளை எடுக்க ஜூலை கடைசி, ஆகஸ்ட் நல்ல காலம். காயம் சீக்கிரம் மூடத் தொடங்கும், எவ்வளவு எடுக்கிறோம் என்பதும் இலையோடு பார்க்கும்போது தெளிவாகத் தெரியும். குளிர்கால நடுவிலும் செய்யலாம். ஒரு வருடத்தில் மரத்தின் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எடுக்காதீர்கள்.

கணுவில் மொட்டுகள் எதிரெதிராக இரண்டிரண்டு வரும். கணுவுக்குச் சற்று மேலே வெட்டினால் அங்கிருந்து இரண்டு கிளைகள் பிரியும். முழுக் கிளையை எடுக்கும்போது தண்டோடு சேருமிடத்தில் உள்ள சிறு வீக்கத்தை விட்டுவிட்டு அதை ஒட்டி வெட்டுங்கள். மரம் காயத்தை மூடுவது அந்த வீக்கத்திலிருந்துதான். வெட்டுக்காயத்துக்குப் பெயின்ட் பூச வேண்டாம். உச்சியை மொட்டையாக நறுக்குவதைவிட இந்த மரத்துக்குச் செய்யக்கூடிய பெரிய கெடுதல் வேறில்லை. நேராகக் குச்சிகளாகக் கிளம்பிப் பழைய வடிவம் திரும்பவே திரும்பாது.

தொங்கும் ரகங்களுக்கு உள்ளே காய்ந்த சிறுகுச்சிகள் சேரும். இலை உதிர்ந்த பிறகு கையுறை போட்டுக்கொண்டு உதிர்த்துவிட்டால், அடித்தண்டின் வளைவு வெளியே தெரியும். பாதி அழகு அதில் இருக்கிறது.

தொட்டியில் வளர்ப்பது

தோட்டமண் தொட்டிக்கு ஆகாது, இறுகிவிடும். பொடித்த பைன் பட்டை 3 பங்கு, பெர்லைட் (மண்ணை இளக்கும் வெள்ளைத் துகள்) 1 பங்கு, கம்போஸ்ட் 1 பங்கு. தொட்டி பழையதைவிட 5 செ.மீ. மட்டும் பெரிதாக, அடியில் தாராளமான துளைகளோடு. கோடையில் தினமும் தண்ணீர். 2, 3 வருடத்துக்கு ஒருமுறை, மொட்டு விரியும் முன் எடுத்து, வேரில் நாலில் ஒரு பங்கு வெட்டிப் புதுக் கலவை போடுங்கள்.

மைனஸ் 25 டிகிரியைக் கிளை தாங்கும், வேர் தாங்காது. மைனஸ் 10 நெருங்கும்போதே வேர் சாகத் தொடங்கும், இளவேர் அதற்கும் முன்னால். நிலத்தில் மண்ணே போர்வை. தொட்டியில் நாலு பக்கமும் குளிர். டொராண்டோ போன்ற ஊரில் இலை உதிர்ந்த பிறகு தொட்டியைச் சூடேற்றாத கராஜுக்குள் கொண்டுபோங்கள். இலை இல்லாததால் வெளிச்சம் வேண்டாம். 3, 4 வாரத்துக்கு ஒரு குவளை தண்ணீர். வீட்டுக்குள் வைத்தால் உறக்கம் கலைந்து ஜனவரியிலேயே துளிர்த்து வீணாகும்.

குளிர்காலமும் பிந்திய பனியும்

நிலத்து மரத்துக்கு அடியில் முயல், எலி வந்து பட்டையைக் கடிக்கும். சுற்றிலும் கடித்துவிட்டால் மேலே உள்ளது முழுவதும் சாகும். சிறுகண் கம்பிவலையை உருளையாக்கி, தண்டிலிருந்து 5 செ.மீ. தள்ளி, பனி குவியும் உயரத்துக்கு மேல் நிற்கும்படி நடுங்கள். வடமேற்குக் காற்று அடிக்கும் பக்கம் சணல் துணி கட்டலாம். உறைந்த பனியைக் கிளையிலிருந்து தட்ட வேண்டாம், முறிந்துவிடும்.

மே மாதம் துளிர் விரிந்தபின் இரவுப் பனி என்று வானிலை சொன்னால், மாலையிலேயே பழைய பருத்திச் சேலையோ படுக்கை விரிப்போ தரைவரை படும்படி போர்த்தி, காலையில் எடுத்துவிடுங்கள். இலையில் படும் பிளாஸ்டிக் குளிரை அப்படியே கடத்தும். முதல் துளிர் கருகினால் மரம் மறுபடி துளிர்க்கும், ஆனால் சேமிப்பைச் செலவழித்து. அந்த வருடம் கவாத்து வேண்டாம்.

புதிய கன்று உண்டாக்குதல்

நீல நிற மேப்பிள், வானவில் மேப்பிள் என்று இணையத்தில் விற்கும் விதைகளை வாங்காதீர்கள். நீல இலை கொண்ட ஜப்பானிய மேப்பிள் உலகில் இல்லை. உண்மையான விதையிலும் பெயருள்ள ரகம் அப்படியே வராது. ஒவ்வொரு கன்றும் ஒவ்வொரு விதம். ஒட்டுக்கு வேர்ச்செடியாகவோ போன்சாய்க்கோ வளர்க்கலாம். செப்டம்பர், அக்டோபரில் விதையின் இறகு பழுப்பாகும்போது பறித்து, இறகை ஒடித்து, கைபொறுக்கும் சூடான தண்ணீரில் ஒரு நாள் ஊற வையுங்கள். ஈரமான வெர்மிகுலைட்டோடு (ஈரம் பிடிக்கும் தாதுத் துகள்) பையிலிட்டு ஃப்ரிட்ஜில் 3 முதல் 5 டிகிரியில் 90 முதல் 120 நாள். வேர்நுனி எட்டிப்பார்த்ததும் 1 செ.மீ. ஆழத்தில் விதையுங்கள். காய்ந்து பழசாகிப்போன விதை அடுத்த வருடம்தான் முளைக்கும், எனவே தட்டை அவசரப்பட்டுக் கொட்டிவிட வேண்டாம்.

அதே ரகம் வேண்டுமானால் வீட்டில் செய்ய எளிது விண்பதியம், அதாவது கிளை மரத்தில் இருக்கும்போதே அதில் வேர் விடச் செய்வது. ஜூனில் இலை கெட்டியானதும் பென்சில் தடிமன் கிளையில் 2 முதல் 3 செ.மீ. அகலத்துக்குப் பட்டையை வளையமாக உரித்து, வழவழப்பான பச்சைப் படலத்தையும் சுரண்டி எடுத்துவிடுங்கள். படலம் மிஞ்சினால் காயம் மீண்டும் ஒட்டிக்கொள்ளும், வேர் வராது. வளையத்தின் மேல்விளிம்பில் வேர் ஊக்கி தடவி, பிழிந்த ஸ்பாக்னம் பாசியை ஒரு கைப்பிடி சுற்றி, பிளாஸ்டிக்கால் இறுக்கிக் கட்டி, அதன்மேல் அலுமினியத் தாள். பாசி காயாமல் பார்த்துக்கொண்டால் 8 முதல் 12 வாரத்தில் பிளாஸ்டிக்கின் உட்புறம் வெள்ளை வேர்கள் தெரியும். அவை கிளைவிட்ட பிறகே கீழே வெட்டி, பாசியைப் பிரிக்காமல் அப்படியே தொட்டியில் வையுங்கள். முதல் குளிர்காலம் கராஜுக்குள். அடுத்த வசந்தத்தில் இலை விரிந்து கெட்டியாகும்வரை அந்த வேரைத் தொடவோ உரம் வைக்கவோ கூடாது.